மழையும் தேங்காய்த் தண்ணீரும்: பினாங்கில் கேமராவைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படம் பிடிப்பது என் தொழில். கேமரா வாங்கப்போகிறவர்கள், வாங்கிவிட்டு வெளியே எடுக்கப் பயப்படுகிறவர்கள், மழையில் நனைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பதறிப்போய் அழைக்கிறவர்கள் என ஆண்டு முழுவதும் என்னிடம் கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பதினொரு மணிக்காரர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ‘கேமரா நனைந்துவிட்டது’ என்று தொடங்கும் கேள்விக்கு நேரே போய்விடவும். போகும் வழியிலேயே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

மழை எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும்தான் மழையின் உச்சம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சற்றே காய்ந்திருக்கும். தைப்பூசம் அந்த நாட்களில் வருவது எங்கள் தொழிலுக்கு முருகன் செய்த உதவி என்றே நினைத்துக்கொள்கிறேன். கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டி ஒரு உச்சம், அக்டோபர் நவம்பரில் இன்னொன்று. அங்கே பெரும்பாலும் காலை வெயிலில் தரை கொதித்து, பிற்பகலில் மேகம் திரண்டு, மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்துக் கொட்டும்.

எங்கள் கரைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, மலாக்கா நீரிணையின் மேல் இரவில் உருவாகி விடியற்காலையில் கரையேறும் சூறைக்காற்று. அதற்குச் ‘சுமத்திரா’ என்றே பெயர். கர்னி டிரைவ் கரையில் சூரிய உதயத்துக்குக் காத்திருப்பவர்கள் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது முதுகுப்பக்கம் மேற்கிலிருந்து கரிய மதில் போல வரும். முதலில் சில்லென்று ஒரு காற்று பிடரியில் அடிக்கும். அந்தக் காற்றோடு கேமராவை மூடத் தொடங்கினால் நேரம் இருக்கிறது. முதல் துளி விழுந்தபின் தொடங்கினால் இல்லை.

வானிலை அறிக்கையில் ‘இடியுடன் கூடிய மழை’ என்பது ஏறக்குறைய எப்போதும் இருக்கும் வாசகம். அதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் ரேடார் படத்தைப் பார்ப்பது நல்லது. மழை எந்தத் திசையில் நகர்கிறது என்று அதில் கண்ணால் காணலாம்.

என் கேமரா ‘வெதர் சீல்டு’ என்று கடையில் சொன்னார்கள். மழையில் எடுக்கலாமா?

தூறலில் எடுக்கலாம். அதற்குமேல் கடைக்காரர் பேச்சை நம்ப வேண்டாம். பொத்தான்கள், பேட்டரிக் கதவு, லென்ஸ் பொருந்தும் வளையம் ஆகிய இடங்களில் ரப்பரோ நுரையோ வைத்து இடுக்கை அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். எவ்வளவு நீரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அது சொல்வதில்லை. சில கேமராக்களுக்கு மட்டுமே பன்னாட்டு அளவுகோலின்படி சோதித்த எண் இருக்கிறது. 2022இல் வெளிவந்த ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 கேமராவுக்கு ஐபி53 என்ற எண். முதல் இலக்கமான 5 தூசிக்கு உரியது. 3 நீருக்கு உரியது. செங்குத்திலிருந்து 60 பாகை வரை சாய்ந்து தெளிக்கும் நீரைத் தாங்கும் என்பது அதன் பொருள். நம் ஊர்க் காற்றில் படுக்கைவாட்டில் அடிக்கும் மழை அந்தக் கணக்கில் வராது.

கேமரா அடைக்கப்பட்டிருந்தால் போதாது, லென்ஸும் அப்படி இருக்க வேண்டும். லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் விளிம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீர் புகும் வாசல் அதுதான். சில லென்ஸ்களில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் அடைப்பு முழுமையாகும் என்று தயாரிப்பாளரே கையேட்டில் எழுதியிருப்பார். வீடியோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். மைக் கம்பியைச் செருகப் பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்த கணமே அந்தப் பக்கத்து அடைப்பு போய்விட்டது. அந்த ரப்பரும் வயதானால் இறுகிச் சுருங்கும். ஐந்து வருடக் கேமராவைப் புதுக் கேமராபோல் நனைக்கக் கூடாது.

மழையுறை வாங்க வேண்டுமா, பிளாஸ்டிக் பை போதுமா?

வாரம்தோறும் வெளியில் எடுப்பவர் நல்ல உறை வாங்கட்டும். மற்றவர்களுக்குப் பை போதும். நானே இன்றும் பையில் இரண்டு பிளாஸ்டிக் பைகளை மடித்து வைத்திருக்கிறேன்.

நிறமற்ற, கொஞ்சம் தடித்த, பெரிய பையாக எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் லென்ஸ் ஹூட்டின் (லென்ஸின் முன்னால் மாட்டும் குழல்) வாயைவிடச் சற்றுச் சிறியதாக ஓட்டை வெட்டி, ஹூட்டை அதன் வழியே வெளியே தள்ளி, மேலே ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். பையின் திறந்த வாய் கீழ்நோக்கித் தொங்க வேண்டும்; கைகள் அதன் வழியே உள்ளே போகும். வாயை மட்டும் கட்டிவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் கையின் வியர்வையே உள்ளே ஆவியாகிக் கண்ணாடியில் படியும். விடுதி அறைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் குளியல் தொப்பியையும் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு படங்களுக்கு இடையில் கேமராவுக்குத் தலையில் கவிழ்க்க அதைவிட வசதியான பொருளை நான் பார்த்ததில்லை.

இவற்றோடு ஒரு ‘குட் மார்னிங்’ துண்டு. சிவப்பு எழுத்துப் போட்ட அந்த வெள்ளைத் துண்டைக் கேமராவின் மேல் போட்டுப் பிடித்தால் தூறலை அதுவே குடித்துவிடும். பிழிந்துவிட்டு மீண்டும் போடலாம். லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் தனியாக மென்துணி வேண்டும். அது ஒன்றுக்கு மூன்றாக, சட்டைக்குள் காய்ந்த இடத்தில் இருக்கட்டும்.

செட்டிப்பூசத்தன்று தேங்காய் உடைக்கும்போது எப்படிப் படம் எடுக்கிறீர்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் காலையில் பினாங்கு வீதியின் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் புறப்படுகிறது. அந்த நாள்தான் செட்டிப்பூசம். வழியெங்கும் சாலையோரத்தில் தேங்காய்கள் குன்றுகளாகக் குவிந்திருக்கும். ரதம் நெருங்கும்போது ஆட்கள் இரு கைகளாலும் எடுத்தெடுத்துத் தார்ச்சாலையில் அறைவார்கள். தண்ணீர் முழங்கால் உயரத்தில் விசிறியடிக்கும், ஓட்டுச் சில்லுகள் பறக்கும். நல்ல படம் வேண்டுமென்றால் தாழ உட்கார வேண்டும். தாழ உட்கார்ந்தால் எல்லாம் லென்ஸில்தான் வந்து விழும்.

மழைநீரைவிடத் தேங்காய்த் தண்ணீர் மோசம். அதில் சர்க்கரையும் உப்புகளும் இருக்கின்றன. நீர் ஆவியானாலும் அவை தங்கிவிடும். முதல் தடவை இது எனக்குத் தெரியாது. கேமராவை மேலோட்டமாகத் துடைத்து, பையை வீட்டு மூலையில் வைத்துவிட்டு அசதியில் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சிற்றெறும்புகள் சுவரிலிருந்து வரிசை கட்டி இறங்கி, பைக்குள் புகுந்து, ஷட்டர் பொத்தானைச் சுற்றியிருக்கும் இடுக்குக்குள் போவதும் வருவதுமாக இருந்தன. ஜூம் வளையம் பாகில் மாட்டியதுபோல் நரநரவென்று திரும்பியது. அதைச் சரிசெய்யக் கொடுத்த பணத்தில் ஒரு வாரம் குடும்பத்தோடு லங்காவி போய்வந்திருக்கலாம்.

அதனால் இப்போது செய்வது இது. அன்று மட்டும் முன்னால் ஃபில்டர் மாட்டுகிறேன். மற்ற நாட்களில் எனக்கு ஃபில்டரில் நம்பிக்கை இல்லை, ஆனால் ஓட்டுச் சில்லுக்கு முன் கொள்கை எதற்கு? இரண்டு கேமராக்களில் இரண்டு லென்ஸ்களை வீட்டிலேயே பொருத்திக்கொண்டு போகிறேன். சாலையில் லென்ஸ் மாற்றுவதே இல்லை. ரதம் கடந்ததும், ஈரம் காய்வதற்குள், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எல்லா வளையங்களையும் பொத்தான்களையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுகிறேன்.

மறுநாள் காவடிக் கூட்டத்தில் எதிரி வேறு: திருநீறு. அதை எடுத்த எடுப்பில் துடைக்கவே கூடாது. ரப்பர் ஊதியால் ஊதிவிட்டுத்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் பட்டு, திருநீறு கண்ணாடியிலேயே குழைந்துவிடும்.

கேமரா நனைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். ‘வேலை செய்கிறதா’ என்று ஒருமுறை போட்டுப் பார்க்கும் ஆசைதான் பல கேமராக்களின் உயிரை வாங்கியது. ஈரமான மின்சுற்றில் மின்னோட்டம் பாயும்போதுதான் அரிப்பு வேகமாக நடக்கும். மின்சாரம் இல்லாத ஈரம் கொஞ்சம் பொறுக்கும்.

அடுத்து வெளியே இருக்கும் நீரைத் துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், உதறவும் வேண்டாம்; உதறினால் இடுக்கில் நின்ற நீர் உள்ளே போகும். மெமரி கார்டை எடுத்துத் தனியே வையுங்கள். கூரைக்குக் கீழே வந்தபின், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி லென்ஸைக் கழற்றி, வளையத்தில் நீர் தெரிந்தால் ஒற்றி எடுங்கள். எல்லா மூடிகளையும் திறந்துவிடுங்கள். பிறகு காற்றுப் புகாத பெட்டியில் கைநிறையச் சிலிக்கா ஜெல் போட்டு, அதில் இரண்டு நாள். முடியுலர்த்தியின் சூட்டுக் காற்று வேண்டாம். பசையும் ரப்பரும் இளகும், நீரும் இன்னும் உள்ளே தள்ளப்படும்.

இது மழைநீருக்கு. கடலிலோ வடிகாலிலோ விழுந்திருந்தால் காயவைத்துக் காத்திருக்க வேண்டாம்; பேட்டரியைக் கழற்றி அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். என்ன நடந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். ‘சும்மா வைத்திருந்தேன், தானாக நின்றுவிட்டது’ என்று சொல்லி அவருடைய நேரத்தை வீணாக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு.

அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா?

வேண்டாம். அரிசி ஈரத்தை மந்தமாகத்தான் இழுக்கும். அதன் மாவுத் தூள் இடுக்குகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அரிசியைச் சோறாக்குங்கள்.

மழையில் பிளாஷ் பயன்படுத்தலாமா?

தனி பிளாஷை நனைய விடாதீர்கள். அதற்குள் இருக்கும் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். கருவிக்கு மட்டுமல்லாமல் கைக்கும் ஆபத்து. கேமராவின் தலையில் பிளாஷ் செருகும் தடமும் நீர் தேங்கும் இடம். பயன்படுத்தாதபோது அதன் மூடியைப் போட்டு வையுங்கள். பெட்டியோடு வந்த அந்தச் சின்னக் கறுப்பு மூடியை முதல் வாரத்திலேயே தொலைத்தவர்கள் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ளலாம்.

இடி மின்னலைப் படம் பிடிக்க ஆசை. எங்கே நிற்கலாம்?

கட்டடத்துக்குள், ஜன்னல் வழியாக. மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். திறந்த கடற்கரையில் முக்காலியை விரித்து அதன் பக்கத்தில் குடையோடு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். முக்காலி கார்பன் இழையால் ஆனதாக இருந்தாலும் மின்சாரத்தைக் கடத்தும்.

பத்து பெரிங்கி கடற்கரையிலும் மீன்பிடித் துறைகளிலும் எடுக்கும்போது?

கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூவல் லென்ஸில் மெல்லிய திரையாகப் படியும். படம் மங்கலாக வருகிறதே என்று கேமராவைக் குறை சொல்வார்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகளும் மணலும் லென்ஸ் கண்ணாடியின் மேற்பூச்சைக் கீறும். முதலில் ஊதுங்கள், பிறகு லேசாக ஈரமாக்கிய துணி, கடைசியில் உலர்ந்த துணி. முக்காலியின் கால்களைக் கடல்நீரில் ஊன்றினால், வீட்டுக்கு வந்ததும் எல்லா மடிப்புகளையும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே காயவிடுங்கள்.

பத்துமலைக் குகைக்குள் மழை இல்லையே, அங்கே என்ன கவனம்?

272 படி ஏறி உள்ளே போனபின் எல்லோரும் உறையைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் குகையின் கூரையிலிருந்து, குறிப்பாக மழைக்குப் பிறகு, நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அது சுண்ணாம்புப் பாறை வழியே இறங்கிய நீர். காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு எளிதில் போகாது. விழுந்த உடனே ஒற்றிவிடுங்கள்.

கைப்பேசிக்கும் டிரோனுக்கும் இவை பொருந்துமா?

ஐபி68 என்று எண் போட்ட கைப்பேசியை நன்னீரில் வைத்துத்தான் சோதித்திருப்பார்கள். கடல்நீருக்கும் தேங்காய்த் தண்ணீருக்கும் அந்த எண் வாக்குக் கொடுக்காது. கீழே விழுந்து ஓரம் நெளிந்த கைப்பேசிக்கு அந்த எண்ணே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றும் துளை ஈரமாக இருக்கும்போது கம்பியைச் செருகாதீர்கள். நனைந்த திரையில் விரல் வேலை செய்யாவிட்டால், பெரும்பாலான கைப்பேசிகளில் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தியே படம் எடுக்கலாம்.

டிரோன்: மழையில் வேண்டாம். பினாங்கு மலை உச்சியில் மேகம் தவழும்போதும் வேண்டாம். மேகம் என்பதும் நீர்தான்.

புகைமூட்ட நாட்களில்?

2015, 2019 போன்ற ஆண்டுகளில் வந்த கடும் புகைமூட்டத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். கேமராவுக்கு அது பெரிய ஆபத்து இல்லை. வெளியில் லென்ஸ் மாற்றாமல், நீண்டு சுருங்கும் ஜூமை அளவோடு திருப்பினால் போதும். அப்படிப்பட்ட ஜூம் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் உங்கள் நுரையீரலைப் பற்றி முதலில் கேளுங்கள்.

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வெள்ளையாகிவிடுகிறது. ஏன்?

மழையில் போன கேமராக்களைவிட இப்படி மெல்ல மெல்லப் போன கேமராக்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மழை வந்தால் எல்லோரும் பதறிக் கேமராவை மூடுகிறார்கள். இதை யாரும் ஈரம் என்றே நினைப்பதில்லை.

வெளியே 32 பாகை வெப்பம், 70 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். மண்டபத்தில் மூன்று மணி நேரம் 21 பாகையில் இருந்த உங்கள் கேமரா, ஐஸ் போட்ட கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோலவே வியர்க்கும். தாலி கட்டி முடிந்து மணமக்கள் காரில் ஏற வெளியே வருவார்கள். எல்லோரும் பூத் தூவுவார்கள். புகைப்படக்காரர் மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்பார். துடைத்தாலும் மீண்டும் படியும், கண்ணாடி சூடாகும்வரை.

குளிரில் இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதன்பின் வெளியே கொண்டுவாருங்கள். நீர் பையின்மேல் படியும், கேமராவில் படியாது. அரை மணி முதல் முக்கால் மணி வரை அப்படியே விடுங்கள். அவ்வளவு நேரம் இல்லாத வேலைகளில் நான் இரண்டாவது கேமராவை மண்டபத்துக்கு உள்ளேயே கொண்டுபோவதில்லை. நம்பிக்கையான தம்பி ஒருவன் அதோடு வாசலில் நிற்பான். விடுதியில் தங்கினால், இரவே கேமராப் பையை நன்றாக மூடி, குளிர்காற்று நேரே படாத அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். பனித்த நிலையில் லென்ஸைக் கழற்ற மட்டும் கழற்றாதீர்கள். வெளியே படிந்த நீர் அரை மணியில் போகும். உள்ளே படம் பதியும் சென்சாரில் படிந்தது கறையாக நிற்கும்.

பூஞ்சை எப்படி வருகிறது? எப்படித் தடுப்பது?

ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நின்றால் வரும். நம் ஊரில் கதவைத் திறந்து வைத்த எந்த அறையும் அதற்கு மேல்தான். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் போலத் தொடங்கி, கிளை விட்டுப் பரவும். அது சுரக்கும் அமிலம் பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தாலும் தடம் போகாது.

மின்சாரத்தில் இயங்கும் ஈரமகற்றும் பெட்டி வாங்க முடிந்தால் வாங்கி, 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் இன்னும் பாதுகாப்பு என்று எண்ணி 20க்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் உலர்வதுதான் மிச்சம். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2017 நவம்பர் வெள்ளத்தில் ஜார்ஜ்டவுனில் பல வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, கீழ்த்தட்டில் இருந்தவைதான் முதலில் போயின.

வாங்க முடியாவிட்டால், ரப்பர் விளிம்பு வைத்த உணவுப் பெட்டி, சிறிய ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல் மூன்றும் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானாலோ நீல மணிகள் இளஞ்சிவப்பானாலோ, ஏறத்தாழ 120 பாகையில் ஓரிரு மணி நேரம் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது. சமையல் சட்டியில் வறுக்காதீர்கள். துணி அலமாரிக்கு விற்கும், அடியில் தண்ணீர் சேரும் வகை ஈரமுறிஞ்சியைக் கேமராவோடு வைக்கவே கூடாது. கவிழ்ந்தால் அந்த உப்புநீர் உலோகத்தைத் தின்றுவிடும்.

லென்ஸோடு வந்த அழகான தோல் உறை? அதைப் பரணில் போடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கு அது விருந்து.

நீரால் கெட்டால் உத்தரவாதத்தில் சரிசெய்வார்களா?

பொதுவாக மாட்டார்கள். காப்புறுதி எடுத்திருந்தால், நீர்ச்சேதம் என்ற சொல் பத்திரத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் தேடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குகிறேன். பூஞ்சை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பகலில் கடை வாசலில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. உள்ளே, விளக்கு மங்கிய மூலைக்குப் போய், லென்ஸுக்குள் ஒளி புகும் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். விளக்கை மெதுவாக நகர்த்துங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், அதற்காக விலை பேச வேண்டாம். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நூல் நூலாக ஏதாவது போனால், ‘துடைத்தால் போய்விடும்’ என்று விற்பவர் சொல்வார். அப்படியானால் துடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நாளை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.